ராஜம்மாளின் அன்ன வண்டி

ராஜம்மாளுக்கு முதலில் மரத்துப்போனது இடதுகைச் சுண்டுவிரல். மீன்கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்தால் சற்று நேரத்தில் சரியாகிவிடும். பிறகு அந்த மரமரப்பு மோதிரவிரலுக்கு வந்தது, முழங்கைக்கு ஏறியது. ஒருநாள் மேலக்கரைமங்கலத்தில் ஒரு வீட்டு வாசலில் கொடுவாய் மீனைத் தூக்கிக் காட்டும்போது கை சொன்னபடி கேட்கவில்லை. மீன் நழுவிப் புழுதியில் விழுந்தது. மாயவரம் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அவள் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் தலையில் சுமையே கூடாது என்றார். வேறு என்ன வேலை தெரியும் என்று கேட்டார். மீன் விற்கத் தெரியும் என்றாள்.

அவளுடைய ஊர் பூம்புகாருக்கு வடக்கே கடலோரக் குப்பம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் புருஷன் காயாரோகணம் மீன் பிடித்தான், அவள் விற்றாள். விடிகாலையில் கரையில் கூடையை நிரப்பிக்கொண்டு மேற்கே வயல்காட்டு ஊர்களுக்கு நடப்பாள். பஸ் உண்டு. ஆனால் மீன்கூடையோடு நிற்கிற பெண்ணைக் கண்டால் கண்டக்டர் விசிலை ஊதிவிடுவார். ஆட்சி மாறி, டீக்கடைகளில் கறுப்பு சிவப்புக் கொடி ஏறி, மந்திரிமார் வேட்டிக் கரையெல்லாம் மாறியும் அந்த விசில் மட்டும் மாறவில்லை.

கழுத்து போன பிறகு காயாரோகணம் ஒருநாள் கூடையை எடுத்துக்கொண்டு தானே போனான். கடலில் அலைக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியவன், தெருவில் நின்று "மீனேய்" என்று கூவக் கூச்சப்பட்டான். ஊர் ஊராக வாயைத் திறக்காமல் நடந்துவிட்டு, போன கூடையை அப்படியே திரும்பக் கொண்டுவந்து வைத்தான். ராஜம்மாள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மீனுக்கு உப்புப் போட உட்கார்ந்தபோது, சைக்கிள் ஓட்டப் பழகப் போவதாகச் சொன்னாள்.

அந்தக் குப்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் சைக்கிளில் ஏறியதில்லை. வாடகைக்கு எடுத்து வந்த சைக்கிளை, அலை வந்துபோகும் இறுகிய ஈரமணலில் வைத்து அவன் பின்சீட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் பழகினாள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நாகம்மாள் என்கிற அவளுடைய நாத்தனார் மட்டும், விழுந்தாலும் கடலுக்குள்தானே விழுவாள், பயமில்லை என்று சொல்லி எல்லாரையும் விரட்டினாள்.

ஓட்டுவது வந்துவிட்டது. வண்டிதான் வாய்க்கவில்லை. ஆண்கள் சைக்கிளின் குறுக்குக் கம்பியைத் தாண்டிச் சேலையோடு காலைப் போட முடியாது. பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பின்கேரியரில் கூடையைக் கட்டினாள். ஒரு மாதத்தில் அது கழுத்துப் பக்கத்தில் விண்டுகொண்டது. பற்றவைக்க அதை உருட்டிக்கொண்டு போய் நின்ற இடம்தான், மாயவரம் சாலைக் கடைத்தெருவில் மீரா சாகிபின் வெல்டிங் பட்டறை.

மீரா சாகிபின் தொழில் கேட்டும் ஜன்னல் கிராதியும். ஆனால் அவர் வெறும் கேட் செய்து யாரும் பார்த்ததில்லை. கம்பியைச் சூடாக்கி மயில் வளைப்பார், தாமரை வளைப்பார், கொடியும் இலையுமாகப் பின்னுவார். தேர்தல் முடிந்த வருஷம் உதயசூரியன் வைத்த கேட் வேண்டும் என்று கட்சிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அவர் விண்டுபோன சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பத்தவைக்கிறேன் தங்கச்சி. ஆனா மறுபடி விட்டுப்போகும். இது காலேஜுக்குப் போற பொண்ணு ஒரு புஸ்தகத்தை வச்சுக்கிட்டுப் போறதுக்குச் செஞ்சது. மீன் சுமக்கிறதுக்கு இல்லை."

"அப்ப மீன் சுமக்கிறதுக்கு ஒண்ணு செய்யுங்க பாய்" என்றாள் ராஜம்மாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் அன்று ராத்திரி தூங்கவில்லை என்று அவர் மனைவி ஹபீபுன்னிசா பிறகு சொன்னாள்.

மறுவாரம் காயாரோகணமும் கூட வந்தான். ஆனி பிறந்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்தது. வயல்காட்டில் தடுக்க ஒன்றுமில்லாமல் நேரே வந்து முகத்தில் அறைகிற காற்று. காலையில் மேற்கே போகிறவள் அதை எதிர்த்துத்தான் மிதிக்க வேண்டும். பின்னால் கூடை உயரமாக நின்றுகொண்டு அதையும் காற்று பிடித்து இழுத்தது. மீன் கெடுவதற்குள் போய்ச் சேர முடியவில்லை என்பதுதான் அவளுடைய பெரிய குறை.

காயாரோகணம் பட்டறை வாசலில் அவளைச் சைக்கிளில் உட்காரச் சொல்லிவிட்டு, எதிரே தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தான். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் கவலைப்படவில்லை. கூவத்தான் அவனுக்குக் கூச்சம், படுப்பதற்கு இல்லை.

எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னான்: "காத்து உன் நெஞ்சுல ஒரு அடி அடிக்குது, கூடையில இன்னொரு அடி அடிக்குது. எதுக்கு ரெண்டு அடி வாங்கணும்? கூடை முன்னால போகட்டும், படகு மூக்கு மாதிரி ஒல்லியா. நீ அதுக்குப் பின்னால பதுங்கி உக்காந்துக்க."

அங்கே ஆரம்பித்தது சண்டை. மூன்று பேருக்கும் மூன்று பிடிவாதம். காயாரோகணத்துக்குக் காற்றைக் கிழிக்க வேண்டும். வண்டி நீளமாகவும் தாழ்வாகவும் இருக்க இருக்க அவனுக்குச் சந்தோஷம். விட்டால் அவளைப் படுக்கவைத்தே ஓட்டச் சொல்லியிருப்பான். ராஜம்மாளுக்கு வரப்பில் போக வேண்டும், மதகில் ஏறி இறங்க வேண்டும், சேலை சங்கிலியில் மாட்டக்கூடாது, தெருமுனையில் ஒடித்துத் திருப்ப வேண்டும். மீரா சாகிபுக்கு வண்டி அழகாக இருக்க வேண்டும்.

"அழகு சோறு போடுமா பாய்?" என்று அவள் கேட்டதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொம்பளை சைக்கிள் ஓட்டினாலே ஊர் சிரிக்கும், அதிலும் பார்க்கக் கோணலாக ஒன்றில் ஓட்டினால் கல்லெறியும், லட்சணமாக இருந்தால் வழிவிட்டு நின்று பார்க்கும் என்றார். அவள் யோசித்துப் பார்த்தாள். அதில் நியாயம் இருந்தது.

பட்டறைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் மூன்று பேரும் மாற்றி மாற்றி வரைந்தார்கள். கடைசியில் ஆடி பிறந்த பிறகு உருவான வண்டி இப்படி இருந்தது. பின்னால் வழக்கமான பெரிய சக்கரம். முன்னால், வெகு தூரம் தள்ளி, சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் சக்கரம். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு தடித்த குழாய், தோணியின் அடிவயிறு மாதிரி தாழ்ந்து வளைந்து போனது. அந்த வளைவில்தான் கூடை உட்காரும். அதைக் காயாரோகணமே பிரம்பில் பின்னினான்; முன்பக்கம் கூராக, பின்பக்கம் அகலமாக, நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து. கூடைக்குப் பின்னால் கைப்பிடி, அதற்கும் பின்னால் தாழ்வான சீட்டு. கைப்பிடியைத் திருப்பினால் அடியில் போகிற நீளக் கம்பி முன்சக்கரத்தைத் திருப்பும். கேட் தாழ்ப்பாளுக்குக் கம்பி வைத்துப் பழகிய மீரா சாகிபின் கை, அதைச் சுலபமாகச் செய்துவிட்டது.

மூக்கு நுனியில் உதயசூரியன் வைக்கட்டுமா என்று மீரா சாகிப் கேட்டார்.

"வேணாம் பாய். எல்லாக் கட்சிக்காரனும்தான் மீன் திங்கிறான்" என்றாள் ராஜம்மாள்.

அதனால் அன்னம் வைத்தார். கழுத்தை வளைத்து, அலகைத் தாழ்த்தி, இறகுகளோடு. இறகில் காற்று புகுந்து ஊளையிட்டது. காயாரோகணம் இறகை அறுக்கச் சொன்னான். சாகிப் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் தாமே அறுத்துவிட்டு, கழுத்தும் அலகும் மட்டும் இருக்கும், அதைத் தொட்டால் வண்டியே கிடையாது என்றார். ராஜம்மாள் அந்த அலகில் தன் சாப்பாட்டுத் தூக்குவாளியை மாட்டிப் பார்த்தாள். ஆடாமல் நின்றது. சரி, இருக்கட்டும் என்றாள். கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளிப் பெயிண்டை அடித்தார்கள்.

முதல் நாள் அதில் அவள் மேற்கே போனபோது கச்சான் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. தென்னை மட்டைகள் சாலையில் விழுந்து கிடந்தன. எதிரே சைக்கிளில் வந்தவர்களைக் காற்று தள்ளிக்கொண்டு வந்தது. அவளோடு மேற்கே போனவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ராஜம்மாள் கூடைக்குப் பின்னால் குனிந்து மிதித்தாள். காற்று கூடையின் மூக்கில் பட்டு இரண்டு பக்கமும் பிரிந்து தோள்களை உரசிக்கொண்டு போனது. மேலக்கரைமங்கலத்துக்கு வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்தாள். மீன் விறைப்பாக, கண் பளபளவென்று இருந்தது. வழக்கமாக மூக்கைச் சுளித்துப் பேரம் பேசுகிறவர்கள் அன்று வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்ட விலையைக் கொடுத்துவிட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. திரும்பி வரும்போது வெறுங்கூடையில் முன்சக்கரம் பாரமில்லாமல் அலைந்தது. கல்லைத் தூக்கி வைத்து ஓட்டினாள். பிறகு, கல்லுக்குப் பதில் கீரையும் கத்தரிக்காயும் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து குப்பத்தில் விற்றாள். ஆனால் வண்டியின் வயிறு மடைவாய் தோறும் மண்ணில் இடித்தது. வரப்பு திரும்புகிற முனையில் இறங்கி, வாலைத் தூக்கி வைத்துத்தான் திருப்ப முடிந்தது. சாகிபிடம் சொன்னால், வயிற்றை மேலே தூக்கினால் வளைவின் அழகு போய்விடும் என்பார். காயாரோகணமும் இதில் அவர் கட்சி.

மேலக்கரைமங்கலத்தில் அவளுக்கு ரொம்ப வேண்டியவள் கீழத்தெரு அம்சவல்லி. கூலிக்கு நடவும் அறுப்பும் செய்கிறவள், சங்கத்துக்காரி. வாயைத் திறந்தால் ஊர் கேட்கும். தெருமுனையில் செங்கொடிக் கம்பத்தடியில்தான் ராஜம்மாள் கடைசியாகக் கூடையை இறக்குவாள். மிச்சமிருக்கிற பொடிமீனைக் கூறு கட்டி விற்றுவிட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள்.

அந்தப் புரட்டாசியில் குறுவை பழுத்து நின்றது. கீழத்தெருவார் அறுப்புக்கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். பண்ணை மறுத்தது. யாரும் அரிவாளைத் தொடவில்லை. வெளியூர் ஆளை ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. சாலையில் பெண்கள் படுத்து மறித்ததில் லாரி திரும்பிப் போனது. அதன் பிறகு பண்ணை வேறு வழி எடுத்தது. ஊரில் இருந்த ஒரே மளிகைக்கடை கீழத்தெருவுக்கு அரிசியோ உப்போ கொடுக்கக்கூடாது என்றாகிவிட்டது. தெருவுக்குப் போகும் பாதையில் மூங்கிலைக் குறுக்கே கட்டி ஆள் போட்டார்கள்.

பண்ணையின் காரியஸ்தர் இளையபெருமாள் ராஜம்மாளைப் பெரிய தெருவிலேயே நிறுத்தினார். கெட்ட மனிதர் இல்லை; அவர் வீட்டுக்கும் அவள்தான் மீன் கொடுப்பாள்.

"ராஜம்மா, இங்க வித்துட்டுப் போ. கீழத்தெருப் பக்கம் போகாதே. எனக்கு உத்தரவு" என்றார்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். அன்று குப்பத்தில் அவள் பரிமாறிய சோறு காயாரோகணத்துக்கு இறங்கவில்லை, அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததால். அந்தத் தெருவில் எத்தனை குழந்தைகள் என்று அவளுக்குப் பெயர் பெயராகத் தெரியும். அங்கே இருக்கிற ரெத்தினத்தின் மகளுக்கு இது நிறைமாதம். என்ன செய்யப் போகிறாய் என்று அவன் கேட்டான். தெரியவில்லை என்றாள். அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வாய்க்கால் கரை ஒன்று வடக்கே சுற்றிக்கொண்டு போகுமே, அதில் மூங்கில் கட்டியிருக்கிறார்களா என்று கேட்டான்.

மறுநாள் கூடையின் அடியில் அரிசி, உப்பு, தீப்பெட்டி, மேலே கருவாடு, அதற்கு மேல் ஈரச்சாக்கு. வாய்க்கால் கரையில் இரண்டு பக்கமும் கதிர் சாய்ந்த நெல் இடுப்பளவு நின்றது. தாழ்ந்த வண்டி அதற்குள் மறைந்து போனது. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு பெண்ணின் தலை மட்டும் நெல்லுக்கு மேலே மிதந்து போவது தெரியும். வரப்பில் புல்லறுக்கப் போகிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். கீழத்தெருவின் கொல்லைப் பக்கமாக அவள் போய் நின்றபோது, அம்சவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அரிசியை முந்தானையில் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

அந்த வாரம் முழுக்கப் போனாள். பிறகு மாட்டிக்கொண்டாள். வரப்பு முனையில் வண்டியின் வாலைத் தூக்கித் திருப்பும்போது எதிரே இளையபெருமாளும் இரண்டு ஆட்களும் நின்றார்கள். ஈரச்சாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். இளையபெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆட்கள் இருவரும் வண்டியை அப்படியே தூக்கி வாய்க்காலில் எறிந்தார்கள்.

அவளை யாரும் தொடவில்லை. அவள்தான் தண்ணீரில் குதித்தாள். மார்பளவு தண்ணீர். அரிசி கொட்டித் தண்ணீர் வெள்ளையாக ஓடியது. கூடையை மட்டும் எட்டிப் பிடித்துக்கொண்டாள். வண்டி சேற்றில் புதைந்து, அன்னத்தின் கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. கடலில் பிறந்தவள் வாய்க்காலில் நின்றுகொண்டு அழுதாள். அழுகை அரிசிக்கா வண்டிக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. கீழத்தெருப் பெண்கள் சத்தம் கேட்டு ஓடி வந்து அவளைக் கரையேற்றினார்கள். வண்டியை மேலே இழுத்துப் போடுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

சங்கத்துக்காரர்கள் ஆயுதம் கடத்த விசேஷமாக ஒரு வண்டி செய்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். வண்டியை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

செய்தி கேட்டு மீரா சாகிப் இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்டேஷனுக்கு வந்தார். ராஜம்மாளும் காயாரோகணமும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். அதற்குள் ஏட்டு ஒருவர் அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு, முன்சக்கரம் எங்கே போகிறது என்று புரியாமல் குரோட்டன்ஸ் செடிக்குள் போய் விழுந்திருந்தார். முழங்கையைத் தடவிக்கொண்டு அவர்தான் கேட்டார், இதெல்லாம் என்ன என்று.

"அன்னம்ங்க" என்றார் மீரா சாகிப். அவருக்கு வண்டியின் பெயிண்ட் போயிருந்ததுதான் கண்ணில் பட்டது.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். இது சைக்கிள்தான், மீன் விற்கச் செய்தது என்று ராஜம்மாள் சொன்னாள். ஓட்டிக் காட்டச் சொன்னார். வளைந்திருந்த முன்கம்பியைக் காயாரோகணம் காலால் மிதித்து நேராக்கினான். அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறி, வேப்பமரத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். ஸ்டேஷனே வாசலில் நின்று பார்த்தது. இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிளுக்குப் பஞ்சாயத்தில் கொடுக்கிற லைசென்ஸ் வில்லை இருக்கிறதா என்று கேட்டார். வண்டியின் வயிற்றில் கம்பியால் கட்டி மாட்டியிருந்ததைச் சேற்றைத் துடைத்துக் காட்டினாள். அது இருந்தால் சைக்கிள்தான் என்று சொல்லி விட்டுவிட்டார்.

கூலித்தகராறு இன்னும் சில நாளில் தாசில்தார் முன்னிலையில் பேசி முடிந்தது. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை, பாதி கிடைத்தது. அறுப்பு தொடங்கியது. இளையபெருமாளின் மனைவி கொல்லைக் கதவைத் திறந்து ராஜம்மாளைக் கூப்பிட்டு, வழக்கம்போல் மீன் வாங்கினாள். உள்ளேயிருந்து இளையபெருமாள், முள் குறைந்த மீனாகக் கேள் என்று குரல் கொடுத்தார். ராஜம்மாள் கொடுத்தாள். மனதில் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது என்பாள். ஆனாலும் அந்த வாசலில் அவள் பழையபடி உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

வண்டி பட்டறைக்குப் போனது. வேலையைத் தொடங்குமுன் மீரா சாகிப் ஒரு காரியம் செய்தார். அது விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளோடு வாய்க்கால் கரையில் நடந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மடைவாயிலும் நின்று குனிந்து பார்த்தார். வரப்பு முனையில் வந்து வெகு நேரம் நின்றார்.

"இதுலயா தங்கச்சி தினமும் தூக்கித் திருப்பின? இதைச் சொல்லவே இல்லையே" என்றார்.

சொன்னேன் பாய், நீங்கள்தான் கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டாள்.

நீளத்தில் ஒரு முழம் குறைத்தார். வயிற்றை மேலே தூக்கி, கொஞ்சம் முன்னால் தள்ளினார். காயாரோகணம் காற்றுக்காக வாதாடினான். கூடையின் மூக்கை இன்னும் கூராகப் பின்னிக்கொள் என்று சாகிப் அவனை அடக்கிவிட்டார். வளைவின் அழகு போகவில்லை, வேறாகிவிட்டது என்றார் ஹபீபுன்னிசாவிடம். அந்த வண்டியைத்தான் ராஜம்மாள் பல வருஷம் ஓட்டினாள். குப்பத்தில் நாகநாதன் என்பவனும், தரங்கம்பாடிப் பக்கம் இரண்டு பெண்களும் அதேபோல் கேட்டு வாங்கினார்கள். ஒன்றுபோல் இன்னொன்றை மீரா சாகிப் செய்யவில்லை. ஒன்றுக்குக் கிளி வைத்தார், ஒன்றுக்குச் சுறா.

நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையின் உபரி நிலத்தில் கொஞ்சம், வழக்கு, வாய்தா என்று இழுபட்டு, கடைசியில் கீழத்தெருவுக்கு வந்தது. அம்சவல்லிக்கு ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றிலொரு பங்கு. பட்டா வாங்கிய பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வருவாள். நடவு நேரத்தில் நாற்றங்கால் தூரத்தில் இருந்தது. வாடகை வண்டி வைத்திருந்த எவனும் பண்ணைக்குப் பயந்து அவர்களுக்கு வரவில்லை. சொல்லியனுப்பாமலே ராஜம்மாள் வந்தாள். அன்று மீன் எடுக்கவில்லை. கூடையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் நாற்றுக்கட்டுகளை அடுக்கிக்கொண்டு, வரப்போடு போய்ப் போய் வந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டப் பச்சைப் பொதியாக அவள் வருவதைப் பார்த்து நடவுப் பெண்கள் குலவையிட்டார்கள்.

கடைசிக் கட்டை இறக்கியதும் அம்சவல்லி அவள் கையில் ஒரு பிடி நாற்றைக் கொடுத்தாள்.

"இறங்குக்கா."

"எனக்கு மணல்தாண்டி தெரியும். சேறு தெரியாது."

"எனக்கு மட்டும் என் சேறு தெரியுமா? இன்னைக்குத்தானே கால் வைக்கிறேன்" என்றாள் அம்சவல்லி.

ராஜம்மாள் இறங்கினாள். கால் முழங்கால் வரை உள்ளே போனது. கத்திக்கொண்டே இரண்டு பக்கமும் ஆட்களைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து அவள் நட்ட வரிசை கோணல்மாணலாக, இடையிடையே தடித்தும் இளைத்தும் போனது. ரெத்தினத்தின் மகள் அதைப் பிடுங்கி நேராக நடக் குனிந்தாள். அம்சவல்லி அவள் தோளைத் தொட்டு, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிசையை அதன் பக்கத்தில் நேராக நட ஆரம்பித்தாள்.